மீதிக் காசை யார் கொடுத்தது?

வணக்கம். கடை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், அதனால் ஒரு கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். 80 சென்ட்டுக்கு ஒரு சாமான் வாங்குகிறீர்கள். 1.20 டாலருக்கு விற்றால் 40 சென்ட் லாபம். அதையே ஒரு டாலருக்கு விற்றால் லாபம் பாதியாகிவிடும், 20 சென்ட்தான். ஆனால் மூன்று மடங்கு விற்கிறது. ஆக, 40 வந்த இடத்தில் 60 வருகிறது.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் நியூபோர்ட் என்ற சின்ன ஊரில், 1945-ல் கடை எடுத்து நடத்தியவர் சாம் வால்டன், பின்னால் வால்மார்ட் என்ற பெரிய சங்கிலிக் கடை நிறுவனத்தைத் தொடங்கியவர். அவர் அங்கே கற்றுக்கொண்டதாகச் சொன்ன பாடம் இது. இது எங்கள் தாத்தாவுக்கே தெரியுமே என்பீர்கள். தெரியும்தான். ஆனால் இந்த ஒரே கணக்கை அவர் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனார் என்று பாருங்கள்.

நியூபோர்ட் கடை நன்றாக ஓடியது. நன்றாக ஓடியதே வினையாயிற்று. 1950-ல் கட்டடக்காரர் குத்தகையைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார். (இந்த இடத்தில் இரண்டு மூன்று பேர் தலையாட்டுவது தெரிகிறது.) பென்டன்வில் போய் மறுபடி தொடங்கினார். 1962 ஜூலை 2 அன்று ராஜர்ஸ் என்ற ஊரில் முதல் வால்மார்ட் திறந்தது. அதே மாதிரி மலிவு விலைச் சங்கிலிக் கடைகளான கேமார்ட், டார்கெட் இரண்டும் அதே வருடம் பிறந்தவைதான். மற்றவர்கள் நகரங்களைப் பார்த்தார்கள், இவர் ஐயாயிரம் பேர் வாழும் ஊர்களைப் பார்த்தார். ஒரு பெரிய கிடங்கு, அதைச் சுற்றி லாரி ஒரே நாளில் போய்ச் சேரும் தூரத்துக்குள் கடைகள். அந்த வட்டம் நிரம்பினால் அடுத்த கிடங்கு. கடையில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் லாரி காலியாக வரக்கூடாது, வழியில் உற்பத்தியாளரிடம் சரக்கு ஏற்றிக்கொண்டு வரவேண்டும். கிடங்குக்கு வந்த சரக்கு அங்கே தூங்காமல், ஒரு வாசலில் இறங்கி மறு வாசலில் அடுத்த லாரியில் ஏறிவிடும். 1987-ல் கடைகளை எல்லாம் இணைக்கச் சொந்தமாகச் செயற்கைக்கோள் வலையமைப்பு! பல்பொடி எந்தக் கடையில் எத்தனை விற்றது என்பது தலைமை அலுவலகத்துக்கு உடனே தெரியும்.

இதை நான் குறையாகவே சொல்லவில்லை. வீண் செலவை வெட்டுவது நல்ல வியாபாரம். அந்தந்த ஊரின் சின்னக் கடைக்காரர் அடிபட்டார் என்பது உண்மை, ஆனால் வாங்க வந்தவரின் பையில் காசு மிஞ்சியதும் உண்மை. என் சந்தேகம் அந்தக் கத்திரிக்கோலைப் பற்றித்தான். வீண் செலவு தீர்ந்த பிறகும் அது வெட்டுவதை நிறுத்தவில்லை.

ஒரு ஊறுகாய்க் கதை சொல்கிறேன். நம் ஊறுகாய் இல்லை, வினிகரில் ஊறிய வெள்ளரிப் பிஞ்சு. விளாசிக் என்பது அதில் பெரிய பெயர். தொண்ணூறுகளின் இறுதியில் அவர்களுடைய ஒரு கேலன் ஜாடியை, கிட்டத்தட்ட நாலு லிட்டர், வால்மார்ட் 2.97 டாலருக்கு விற்றது. வாரத்துக்கு இரண்டு லட்சம் ஜாடிக்கு மேல் போயிற்று. கம்பெனிக்கு ஜாடிக்கு ஓரிரு சென்ட்தான் மிஞ்சியது. பெரிய ஜாடி வாங்கினவர் சின்ன பாட்டில் வாங்குவாரா? லாபம் தந்த சின்ன பாட்டில்கள் தேங்கின. வீடுகளில் கால் ஜாடியைத் தின்றுவிட்டு, பூசணம் பிடித்ததும் மீதியைக் கொட்டினார்கள். இதைச் சொன்னவர் அந்தக் கம்பெனியின் முன்னாள் அதிகாரியே. விலையை ஏற்றக் கேட்டார்கள், நடக்கவில்லை. விட்டு விலகலாமா? மொத்த விற்பனையில் கணிசமான பங்கு வால்மார்ட் வழியாகத்தான் போகிறது, எப்படி விலகுவது? கடைசியில் அரை கேலன் ஜாடி 2.79 டாலருக்கு வந்தது. 2001 ஜனவரியில் விளாசிக் திவால் மனு கொடுத்தது. அதற்கு வேறு கடன்களும் காரணம், ஊறுகாய் மட்டும் இல்லை. ஆனால் விலை மலிவு என்று எல்லோரும் சந்தோஷப்பட்ட அந்த ஜாடியில் முக்கால்வாசி குப்பைக்குப் போனதை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் அந்தக் கத்திரி ஆட்களிடம் வந்தது. ஓய்வு நேரம் தரவில்லை, வேலை பார்த்த மணிக்குக் கூலி தரவில்லை என்று போடப்பட்ட 63 வழக்குகளை முடிக்க, 2008 டிசம்பரில் 64 கோடி டாலர் வரை தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2012 நவம்பரில் வங்கதேசத்தில் தாஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலை எரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அங்கே வால்மார்ட்டுக்கான துணிகளும் இருந்தன. எங்கள் அனுமதி இல்லாமல் சப்ளையர் அங்கே தைக்கக் கொடுத்துவிட்டார் என்றது நிறுவனம். அப்படியே இருக்கட்டும். ஆனால் எந்தக் கடையில் எத்தனை பல்பொடி விற்றது என்று அன்றன்றைக்கே தெரிந்துகொள்ளும் நிறுவனத்துக்கு, தன் சட்டையை யார் தைக்கிறார்கள் என்பது மட்டும் தெரியாமல் போனது எப்படி?

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். 2005-ல் கத்ரீனா புயலின்போது தண்ணீரும் உணவும் கொண்டுபோய்ச் சேர்த்ததில் பல அரசு அமைப்புகளைவிட வால்மார்ட் லாரிகள் முந்திக்கொண்டன. அடுத்த ஆண்டே பல பொதுப்பெயர் மருந்துகளை (கம்பெனிப் பெயர் இல்லாமல் மலிவாக வரும் அதே மருந்து) ஒரு மாதத்துக்கு 4 டாலர் என்று கொடுத்தார்கள். 2015-ல் அமெரிக்காவில் தங்கள் ஆட்களின் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 9 டாலர் ஆக்கினார்கள். முடியும் என்றுதானே அர்த்தம்?

நமக்கும் இவர்கள் தூரத்து ஆட்கள் இல்லை. 2018-ல் ஃபிளிப்கார்ட்டின் பெரும்பங்கை 1,600 கோடி டாலருக்கு வாங்கியவர்கள் இவர்கள்தான்.

கடைசியாக ஒன்று. கனடாவில் கியூபெக் மாகாணத்தில் ஜோன்கியர் என்ற ஊர். அங்கே 2001-ல் திறந்த வால்மார்ட்டில் ஏறத்தாழ 190 பேர் வேலை. 2004-ல் அவர்கள் தொழிற்சங்கம் வைத்தார்கள், அங்கீகாரமும் கிடைத்தது. முதல் ஒப்பந்தத்துக்கான பேச்சு முடியவில்லை. 2005 பிப்ரவரியில் கடையை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது, ஏப்ரலில் மூடிவிட்டார்கள். கடை கட்டுப்படியாகவில்லை என்றார்கள். வழக்கு நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. ஒப்பந்தப் பேச்சு நடக்கும் காலத்தில் தகுந்த காரணம் காட்டாமல் அப்படிச் செய்தது சட்டத்துக்கு விரோதம், தொழிலாளர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது 2014 ஜூனில். கடையின் கதவைப் பூட்டி அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது.