கொடுக்கு மடித்த நண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

கல்லடியில் எங்கள் வீட்டில், காலைச் சாப்பாட்டுக்கு முன் அம்மா வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து இன்சுலின் ஏற்றிக்கொள்வார். ஒருநாள் ஊசியைக் கழற்றியபடியே கேட்டார்: “இரசாயனம் படிப்பிக்கிறாயே மகன், இதைக் குளிசையாகச் செய்ய முடியாதா?”

இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். விழுங்கினால் நொதியங்கள் துண்டாடிவிடும். தப்பிப் பிழைத்தாலும் குடற்சுவரின் கலங்கள் வழிமறிக்கும். கல மென்சவ்வின் நடுப்பகுதி எண்ணெய்த் தன்மையானது. இன்சுலின் போல அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைட்டுகளோ, நைதரசனோடு இணைந்த ஐதரசன்களால் நீரைப் பற்றிக்கொண்டிருப்பவை. பிடியை விட்டால்தான் எண்ணெய்க்குள் இறங்கலாம்.

சந்தையில் வாவி நண்டு வாங்கியவர்களுக்கு இது புரியும். கட்டாத நண்டு கூடை விளிம்பு, பக்கத்து நண்டு, நம் விரல் என்று அகப்பட்டதையெல்லாம் கவ்வும். கொடுக்கை மடித்துக் கயிறு போட்டால் சத்தமில்லாமல் பைக்குள் போய்விடும்.

தன்னைத் தானே இப்படி மடித்துக்கொள்ளும் மூலக்கூறு ஒன்று இருக்கிறது. சைக்ளோஸ்போரின், நோர்வே மேட்டுநில மண்ணிலிருந்த பங்கசு ஒன்றிலிருந்து கிடைத்தது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதிருக்கக் கொடுக்கும் மருந்து. அதன் மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 1202. வாயால் உட்கொள்ளும் மருந்துக்கு 500க்குள் இருப்பது நல்லது என்று 1997இல் மருந்து ஆய்வாளர் லிபின்ஸ்கியின் குழுவினர் சொன்ன அளவை இது இரு மடங்குக்கு மேல் தாண்டுகிறது. இருந்தும் உள்ளே போகிறது.

வளையமாக இருப்பதால்தான் என்று மாணவர்கள் எழுதுவார்கள். பாதிப் புள்ளிதான் கொடுப்பேன். அந்த வளையத்தில் 11 அமினோ அமிலங்கள். அவற்றில் ஏழின் நைதரசனில் ஐதரசனுக்குப் பதிலாக, நீரைப் பற்றாத மெதைல் கூட்டம் இருக்கிறது. நீரைக் கவ்வும் அந்த ஐதரசன்தான் கொடுக்கு; அங்கே கொடுக்கே இல்லை. மிஞ்சிய நான்கும் எண்ணெய்ச் சூழலில் உள்நோக்கித் திரும்பித் தங்கள் வளையத்தையே பற்றிக்கொள்கின்றன. நீருக்கு வந்தால் உருவம் மாறும். வளையம் இந்த மடிப்பை எளிதாக்குகிறது, அவ்வளவுதான்.

புதிய வளைய மூலக்கூறுகளை வடிவமைப்பவர்கள் இதைத்தான் பின்பற்றுகிறார்கள். எந்த நைதரசனுக்கு மெதைல், எந்த அமினோ அமிலத்தை அதன் ஆடி வடிவத்தால் மாற்றுவது என்று கணினியில் மடித்துப் பார்த்து, எண்ணெய் ஊறிய செயற்கைச் சவ்வின் மறுபக்கம் எவ்வளவு வந்தது என அளக்கிறார்கள். கொடுக்குகளை மிகையாக நீக்கினால் நீரில் கரையாது. நோய்க்குரிய புரதத்தையும் பற்றாது.

அம்மாவுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. இன்சுலின் மிகப் பெரிய நண்டு, இந்தக் கயிறு அதற்குப் போதாது என்றேன். “அப்போ சின்ன நண்டுக்கு?” என்றார். கயிறு போதும், ஆனால் சின்ன நண்டான சைக்ளோஸ்போரினும் நீரில் இலேசில் கரையாது. அதனால்தான் அதை எண்ணெயில் கரைத்து மென்கூடுகளில் அடைக்கிறார்கள்.