கேட்பது ஒன்று, தங்குவது வேறொன்றுக்காக

(இணைய விளையாட்டு ஆர்வலர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

வரப்போகும் எம்எம்ஓஆர்பிஜி விளையாட்டுகளை, அதாவது ஆயிரக்கணக்கானோர் இணையத்தில் ஒரே உலகில் கூடி ஆடும் எம்எம்ஓக்களை, ஒப்பிட்டுப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். முன்னோட்டக் காட்சிகளை வைத்து ஒப்பிடுவதென்றால் வேலை எளிது. எல்லாவற்றிலும் ஒரு மலை இருக்கிறது, மலைக்குப் பின்னால் சூரியன் இருக்கிறது, சூரியனை மறைத்துக்கொண்டு ஒரு டிராகன் பறக்கிறது. அந்தக் கணக்கில் எல்லாருக்கும் முதல் பரிசு கொடுத்துவிட்டு நாம் கலைந்துவிடலாம். நான் வேறோர் அளவுகோலை எடுத்து வந்திருக்கிறேன். நாம் ஒரு விளையாட்டிடம் கேட்பது ஒன்று. அதில் வருடக்கணக்காகத் தங்குவது வேறொன்றுக்காக. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த நிறுவனம்தான் பிழைக்கும் என்பது என் கட்சி.

முதலில் பழைய வழக்கு ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். 1997 செப்டம்பரில் அல்டிமா ஆன்லைன் வெளிவந்தது. ஊர்க் காவலர்களின் எல்லையைத் தாண்டிவிட்டால் யாரும் யாரையும் கொல்லலாம், கொள்ளையடிக்கலாம். புல்லை மேய மான், மானைத் தின்ன ஓநாய் என்று ஒரு சூழலியல் அமைப்பையே எழுதி வைத்திருந்தார்கள். ஆட்கள் உள்ளே வந்தார்கள். கண்ணில் பட்ட உயிரையெல்லாம் வெட்டிச் சாய்த்தார்கள். விலங்குகள் மீண்டும் தோன்றும் வேகம் இவர்கள் வாளின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை, சூழலியல் போயிற்று. வெளியீட்டுக்கு முந்தைய சோதனையின்போது, அந்த விளையாட்டை உருவாக்கியவரும் அதன் மன்னராகக் காட்சியளித்தவருமான ரிச்சர்ட் கேரியட்டின் கதாபாத்திரத்தையே ஒரு குறும்புக்காரர் நெருப்பு மந்திரம் வீசிக் கொன்றுவிட்டார். மன்னருக்கே அந்தக் கதி என்றால் நேற்று வந்து சேர்ந்த தையல்காரனின் நிலையை எண்ணிப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டு உலகத்தை இரண்டாக்கினார்கள். ஃபெலுக்காவில் பழைய சட்டம். டிராமலில் சம்மதம் இல்லாமல் யாரும் யாரையும் தாக்க முடியாது. மக்கள் பெரும்பாலும் டிராமலுக்கே குடிபெயர்ந்தார்கள்.

கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்றும் எந்தப் புதிய எம்எம்ஓ அறிவிக்கப்பட்டாலும் உரக்க எழும் முதல் குரல், ‘கட்டுப்பாடற்ற பிவிபி வேண்டும்’, அதாவது விளையாடுபவர்கள் ஒருவரை ஒருவர் தாக்க முடிய வேண்டும் என்பதுதான். அமேசானின் நியூ வேர்ல்டு முதலில் அந்தக் குரலை நம்பித்தான் கட்டப்பட்டது. ஆரம்பகட்டச் சோதனையில் வலுத்தவர்கள் புதியவர்களை விடாமல் வேட்டையாடியதைப் பார்த்த பிறகு, 2020-இல், விருப்பமுள்ளவர் மட்டும் சண்டைக்கு இறங்கினால் போதும் என்று விதியை மாற்றினார்கள். ஒரு வகை மக்களுக்காக எழுப்பிய வீட்டில் இன்னொரு வகை மக்களைக் குடிவைத்தார்கள். 2021 செப்டம்பரில் வெளியானபோது ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தில் ஒரே நேரத்தில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நின்றார்கள். வாசலில் அவ்வளவு கூட்டம். உள்ளே செய்வதற்கு வேலை போதவில்லை. கூட்டம் சில மாதங்களில் கரைந்தது. பின்னாளில் அதை நன்றாகவே சீர்செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தும் 2025 அக்டோபரில் இனிப் புதிய உள்ளடக்கம் வராது என்று நிறுவனம் அறிவித்துவிட்டது.

இன்னொரு கோரிக்கை, ‘கடினமாக இருக்க வேண்டும்’. 2014-இல் வைல்டுஸ்டார் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. 40 பேர் சேர்ந்து செய்யும் ரெய்டு என்ற கூட்டுத் தாக்குதல், அந்த ரெய்டுக்குள் நுழைவதற்கே நீண்ட தகுதித் தேர்வு. கேட்டவர்களில் எத்தனை பேர் அந்தத் தேர்வை முடித்தார்கள் என்பதுதான் கேள்வி. 2018 நவம்பரில் அது மூடப்பட்டது.

இதையெல்லாம் வைத்து, ‘மக்களுக்கு என்ன வேண்டும் என்பது மக்களுக்கே தெரியாது’ என்று முடிவுகட்ட நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். 2013-இல் பிளிஸார்டு நிறுவனத்தின் மாநாட்டில் ஒருவர் எழுந்து, அவர்களுடைய வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் பழைய வடிவத்துக்குத் தனி சர்வர் தருவீர்களா என்று கேட்டார். வேண்டும் என்று நினைக்கிறீர்கள், உண்மையில் உங்களுக்கு அது வேண்டாம் என்ற பொருளில் மேடையிலிருந்து பதில் வந்தது. 2016-இல் நாஸ்டால்ரியஸ் என்ற அனுமதியற்ற பழைய வடிவச் சர்வர் மூடப்பட்டபோது, அதற்காக இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 2019 ஆகஸ்டில் பிளிஸார்டே கிளாசிக் வடிவத்தை வெளியிட்டது. உள்ளே போக மணிக்கணக்கில் வரிசை நின்றது. ரூன்ஸ்கேப் கதையும் இதே ஜாதி. 2007 ஆகஸ்டில் எடுத்துவைத்த ஒரு காப்புப் பிரதியிலிருந்து 2013-இல் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் பிறந்தது. புதிதாக எதைச் சேர்ப்பதானாலும் விளையாடுபவர்களிடம் வாக்கெடுப்பு. 75 விழுக்காடு ஆதரவு கிடைத்தால்தான் உள்ளே வரும் என்று வைத்தார்கள். பிறகு அதை 70 ஆகக் குறைத்தார்கள். பழைய பிரதி தாய் விளையாட்டையே தாண்டி வளர்ந்து நிற்கிறது.

அப்படியானால் அந்தப் பழைய வடிவத்தில் அவர்கள் தேடியது எது? அதன் படங்கள் இன்றைய கண்ணுக்குக் கரடுமுரடு. சண்டை மெதுவானது. பையில் இடம் பற்றாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நடந்தே தீர வேண்டும். இத்தனை குறையோடும் ஒன்றைத் தேடிப் போகிறார்கள் என்றால் அந்தக் குறைகளுக்கு நடுவில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க நான் 2009 டிசம்பருக்குப் போவேன். அந்த மாதம் வார்கிராஃப்டில் டஞ்சன் ஃபைண்டர் வந்தது; டஞ்சன் எனப்படும், குழுவாகப் போய்ச் சண்டையிடும் நிலவறைக்கு ஆள் சேர்த்துத் தரும் வசதி அது.

அதற்கு முன் ஒரு டஞ்சனுக்குப் போவது எப்படி இருந்தது? நகரத்தில் நின்று கூவி ஆள் சேர்க்க வேண்டும். ‘ஒரு ஹீலர் குறைகிறது, யாராவது வருகிறீர்களா?’ என்று அரை மணி நேரம் கத்த வேண்டும். குணப்படுத்தும் ஹீலர் கிடைத்தால், அடியைத் தாங்கும் டேங்க் சாப்பிடப் போயிருப்பார். எல்லாரும் சேர்ந்த பிறகு வாசலுக்கு நடக்க வேண்டும். வழியில் எதிரணிக்காரன் காத்திருப்பான். சலிப்பு, ஐயமே இல்லை. ஆனால் அந்தச் சலிப்பான அரை மணி நேரத்தில்தான் பேச்சு நடந்தது. கிடைத்த பொருளைச் சுருட்டிக்கொண்டு ஓடியவனை சர்வர் முழுவதும் அறிந்து வைத்திருந்தது; அடுத்த வாரம் அவனை எவரும் குழுவில் சேர்க்கமாட்டார்கள். பொறுமையாக நின்று காப்பாற்றிய ஹீலரின் பெயரும் அதே போல் நினைவில் நின்றது. டஞ்சன் ஃபைண்டர் வந்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்றாயிற்று. வேறு வேறு சர்வர்களிலிருந்து ஐந்து பேர் பொறுக்கப்பட்டு உள்ளே இறக்கிவிடப்படுவார்கள். இருபது நிமிடத்தில் வேலை முடியும். ஒரு வார்த்தை பேசாமல் பிரிவார்கள். மறுபடி ஒருவரை ஒருவர் பார்க்கப் போவதில்லை. திருடனுக்கு அவப்பெயர் இல்லை, நல்லவனுக்குப் புகழும் இல்லை.

இதைக் கேட்டது யார்? நாம்தான். எவரும் நம் மீது திணிக்கவில்லை. வந்த முதல் நாளிலிருந்து எல்லாரும் மகிழ்ச்சியாக அதைப் பயன்படுத்தினோம். தனித்தனியாக ஒவ்வொருவருக்கும் அது நன்மை. எல்லாருக்கும் சேர்த்துப் பார்த்தால் இழப்பு. இந்த வகைக் கோரிக்கைதான் வடிவமைப்பாளர்களைத் திண்டாட வைக்கிறது.

இதன் மறுமுனையில் 2003-இல் வந்த ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் இருக்கிறது. சண்டையிட்டுக் களைத்த வீரன் மதுக்கூடத்துக்குப் போய் அங்கே ஆடுகிற, இசைக்கிற கலைஞர்கள் முன் உட்கார்ந்தால்தான் அயர்ச்சி நீங்கும். அந்தக் கலைஞர்களும் நம்மைப் போன்று கணினி முன் அமர்ந்திருக்கும் மனிதர்கள். வாள் எடுக்காமலே ஆடியே அந்த உலகில் வாழ்ந்தார்கள். வீரனின் துப்பாக்கியையும் இன்னொரு மனிதர்தான் செய்து விற்றார். ஆனால் 2005 நவம்பரில், விளையாட்டை எளிதாக்குகிறோம் என்று முப்பதுக்கு மேலிருந்த தொழில்களை ஒன்பதாகச் சுருக்கினார்கள். புதியவர்கள் திரளாக வரவில்லை. பழையவர்கள் திரளாகப் போனார்கள்.

சரி, இனி வரப்போகிறவற்றுக்கு வருவோம். என் கேள்வி ஒன்றுதான்: இதில் எனக்கு இன்னொரு மனிதர் தேவைப்படுவாரா?

இந்தக் கேள்விக்கு ஆம் என்று தயங்காமல் சொல்வது பாந்தியான். எவர்குவெஸ்ட் என்ற பழைய எம்எம்ஓவை உருவாக்கியவர்களில் ஒருவரான பிராட் மெக்வெய்ட் தொடங்கியது. அவர் 2019-இல் காலமானார். குழு வேலையைத் தொடர்ந்து, 2024 டிசம்பரில் முழுமையாகாத நிலையிலேயே ஸ்டீமில் விற்பனைக்குத் திறந்தது. ஒருவர் தாங்க, ஒருவர் குணப்படுத்த, ஒருவர் எதிரியைக் கட்டிப்போட என்று குழு இல்லாமல் பெரிதாக எதுவும் நடக்காதபடி அமைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த வழி இது. பெருங்கூட்டம் வருமா என்று கேட்டால், வராது என்றே நினைக்கிறேன். வராவிட்டாலும் குற்றமில்லை. 2003-இல் தொடங்கிய ஈவ் ஆன்லைன் ஒருபோதும் பெருங்கூட்டத்தை நம்பி வாழ்ந்ததில்லை, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கொரியாவின் குரோனோ ஒடிசி எதிர்த்திசை. கண்ணைப் பறிக்கும் காட்சி, தனி ஆளின் கைத்திறனைக் கேட்கும் சண்டை. 2025 ஜூனில் நடந்த மூடிய பீட்டாவில், அதாவது அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டுமான முன்சோதனையில், சண்டை கனமாக இருக்கிறது, கணினிகள் திணறுகின்றன என்று விளையாடியவர்கள் சொன்னார்கள். நிறுவனம் அதை ஏற்று, வெளியீட்டை 2026-இன் கடைசிப் பகுதிக்குத் தள்ளியது. தள்ளியது நல்லது. ஆனால் வந்த புகார்களில் பெரும்பாலானவை சண்டையின் உணர்வைப் பற்றியவை. ஆறாவது மாதத்தில் அங்கே நான் யாரோடு இருப்பேன் என்பதைச் சிலர்தான் கேட்டார்கள். பீட்டாவில் அதைக் கேட்பது கடினம் என்பதும் உண்மை. சில நாள் சோதனையில் உறவு முளைக்காது.

ஹலோ கேம்ஸ் 2023 டிசம்பரில் அறிவித்த லைட் நோ ஃபயரைப் பற்றி எல்லாரும் கேட்கிறீர்கள். பூமி அளவுக்கு ஒரு கோள், அனைவரும் அதே ஒரு கோளில். கேட்க அழகாக இருக்கிறது. பூமி அளவுள்ள நிலத்தில் சில லட்சம் பேரைத் தூவினால் ஒருவர் கண்ணில் ஒருவர் படவேமாட்டார்கள் என்பதை நாம் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. பெரிய உலகம் வேண்டும் என்று கேட்கிறோம். நமக்குப் பயன்படுவது நெரிசலான ஒரு சந்தை, தப்பிக்க முடியாத ஒரு பாலம், எல்லாரும் கடந்தே ஆக வேண்டிய ஒரு கணவாய். அந்தக் குழுவிடம் நான் எதிர்பார்ப்பது அதைத்தான். தங்கள் முந்தைய விளையாட்டான நோ மேன்ஸ் ஸ்கையை 2016-இல் சொன்னதைக் கொடுக்காமல் வெளியிட்டு, பிறகு ஆண்டாண்டாக இலவச மேம்பாடுகளால் கடனை அடைத்தவர்கள் என்பதால் கொஞ்சம் நம்பிக்கையும் உண்டு.

ரயட் நிறுவனத்தின் எம்எம்ஓ 2020 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. 2024-இல் திசையை மாற்றி மறுபடி தொடங்கியிருப்பதாகவும், நீண்ட காலம் எதுவும் காட்டப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். காத்திருப்பவர்கள் வேறு வேலையைப் பார்க்கலாம். கேமலாட் அன்செயின்டுக்கு 2013-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற மக்களிடம் நிதி திரட்டும் தளத்தில் பணம் கட்டியவர்களைப் பற்றி என்ன சொல்வது? அன்று பிறந்த குழந்தை இன்று அதை விளையாடும் வயதை எட்டிவிட்டது. 2015-இல் அதே வழியில் பணம் திரட்டிய கிரோஃபால் 2021-இல் வந்து அடுத்த ஆண்டே மூடப்பட்டது. முன்பணம் கட்டுவதை நான் தடுக்கவில்லை. அதை நன்கொடை என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக ஒன்று. 2025 நவம்பரில் ஐயான் 2 கொரியாவிலும் தைவானிலும் தொடங்கிய அன்றே, கடையில் வலிமையைக் கூட்டும் பொருள்கள் இருப்பதாக எதிர்ப்பு வெடித்தது. நிறுவனம் அன்றே நேரலையில் வந்து மன்னிப்புக் கேட்டது. உடையை விற்றால் முணுமுணுப்போம், வாங்கியும் கொள்வோம். வெற்றியை விற்றால் பொறுக்கமாட்டோம். இந்த ஒரு விஷயத்தில் நாம் கேட்பதும் நம் நடத்தையும் ஓரளவு ஒத்துப்போகின்றன.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதத்துக்கு வலுவான எதிர்வாதம் அதுதான். 2004-இல் கல்லூரியில் இருந்தவர்களுக்கு இப்போது வேலையும் குழந்தைகளும் இருக்கின்றன. அரை மணி நேரம் ஹீலரைத் தேடிக் கூவ அவர்களால் முடியாது. நியாயம். இதற்கு நான் பார்த்தவரை சிறந்த பதில் ஃபைனல் ஃபேன்டசி 14-இல் இருக்கிறது. 2010-இல் படுதோல்வியாக வந்து, நவோக்கி யோஷிதா பொறுப்பேற்று, பழையதை மூடி, 2013-இல் மீண்டும் கட்டியெழுப்பிய விளையாட்டு. வேண்டாதபோது சந்தாவை நிறுத்திவிட்டுப் போங்கள், புதிதாக ஏதாவது வந்ததும் திரும்பி வாருங்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிற இயக்குநர் அவர். அங்கேயும் ஆளைத் தேடித் தரும் பொத்தான் இருக்கிறது. ஆனால் முதல்முறை வருகிறவர் குழுவில் இருந்தால் மற்றவர்களுக்குக் கூடுதல் வெகுமதி என்று வைத்ததால், கைதேர்ந்தவர்கள் பழைய டஞ்சன்களுக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள், புதியவரை வரவேற்கிறார்கள். வசதியையும் கொடுத்து, அந்நியரை அந்நியருக்குத் தேவையானவராகவும் ஆக்க முடியும் என்பதற்கு இது போதுமான சாட்சி. வரப்போகும் விளையாட்டுகளை எழுதுகிறவர்கள் டிராகனை இன்னும் பளபளப்பாக்குவதைவிட இப்படி நான்கு விதிகளை யோசித்தால் நான் முதல் ஆளாகச் சந்தா கட்டுவேன்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் முன்னோட்டக் காட்சியில் காட்டமாட்டார்கள். சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012 நவம்பர் 30 அன்று மூடப்பட்டது. அதை நேசித்தவர்கள் ஆண்டுக்கணக்காகத் தனியார் சர்வர்களில் அதை உயிரோடு வைத்திருந்தார்கள். 2024 ஜனவரியில் ஹோம்கமிங் என்ற ரசிகர் சர்வருக்கு அதிகாரப்பூர்வ உரிமமே கிடைத்தது. விற்ற விளையாட்டைச் செயலிழக்கச் செய்வதற்கு எதிராக ஐரோப்பாவில் எழுந்த மக்கள் மனு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. ஆகவே அடுத்த பீட்டாவில் கருத்துப் படிவம் வரும்போது, சண்டை எப்படி இருந்தது என்ற பெட்டியை நிரப்பிய பிறகு, கீழே காலியாக இருக்கும் இடத்தில் ஒரு கேள்வியை எழுதி அனுப்புங்கள்: நீங்கள் இதை மூடும் நாளில் சர்வர் மென்பொருளை எங்களிடம் கொடுப்பீர்களா? பதில் எழுதுகிறவர்கள் யார், மழுப்புகிறவர்கள் யார் என்று அடுத்த கூட்டத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.