கள்ளுக்கடைக்கும் கொடி வேண்டியிருந்தது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "சிறு வணிகத்தை இன்று வளர்ப்பது வாய்வழிப் புகழா, இணைய வெளிச்சமா?" என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் இரண்டு ஆயுதங்களை வீசிவிட்டு அமர்ந்திருக்கிறார். ஒன்று, 'பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு' என்ற பழமொழி. மற்றொன்று பட்டினப்பாலை. கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும், கொடுப்பதைக் குறைத்துக் கொடுக்காமலும் வாழ்ந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைக் காட்டி, "நேர்மை இருந்தால் ஊர் பேசும், ஊர் பேசினால் வாடிக்கையாளர் வருவார்" என்றார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். பட்டினப்பாலைக்காகத் தட்டினேன்.

ஐயா அந்தப் பாட்டை நடுவிலிருந்து படிக்கத் தொடங்கிவிட்டார். அவர் சொன்ன வரிகளுக்குச் சற்று முன்னால் கடியலூர் உருத்திரங்கண்ணனார் கொடிகளைப் பாடுகிறார். துறையில் நிற்கும் நாவாய்க்குக் கொடி. வாதிட அழைக்கும் ஆசிரியர்களுக்குக் கொடி. கள் விற்கும் இடத்துக்கும் கொடி. கள்ளுக்கு வாய்வழிப் புகழ் போதாதா, நடுவர் அவர்களே? குடித்தவன் வாயை மூடிக்கொண்டா இருந்திருப்பான்? அந்தக் கள்ளுக்கே கொடி தேவைப்பட்டது. ஏனென்றால் புகார் என்ற அந்தக் காவிரிப்பூம்பட்டினம் துறைமுக நகரம். கப்பலிலிருந்து இறங்குகிறவனுக்கு அங்கே மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. யாரிடம் விசாரிப்பான்? அண்ணாந்து பார்த்தான், கொடி தெரிந்தது, போனான். இன்று வந்து இறங்குகிறவன் குனிந்து கைப்பேசியைப் பார்க்கிறான். கொடியை அங்கே நடச் சொல்கிறோம். எங்கள் அணியின் வாதம் இவ்வளவுதான்.

எத்தனை பேர் குனிந்து பார்க்கிறார்கள்? நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அப்போது அது தொலைபேசிக் கம்பி வழியே கீச்சிட்டுக்கொண்டு வந்த பணக்காரப் பொருள். 2014 மார்ச்சில் இந்தியாவில் இருந்த இணைய இணைப்புகள் ஏறத்தாழ 25 கோடி. 2024 மார்ச்சில் 95 கோடி. ஒருவரிடமே இரண்டு சிம் இருக்கும் என்று எதிரணி முணுமுணுப்பது கேட்கிறது. கழித்துக்கொள்ளுங்கள், கழித்த பிறகும் மிச்சம் மலைபோல இருக்கும். இடையில் நடந்தது என்ன? இருநூறு ரூபாய்க்கு மேல் விற்ற ஒரு ஜிபி டேட்டா, 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு எழுந்த போட்டியில் பத்து ரூபாயின் பக்கம் சரிந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் யூபிஐ அறிமுகமானது, நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்தது. இளநீர் வண்டியிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. பணம் வாங்குவதற்கு இணையம் வேண்டும், முகவரி சொல்வதற்கு மட்டும் வேண்டாம் என்றால் அது என்ன கணக்கு?

வேலூருக்கு வாருங்கள். அங்குள்ள பெரிய மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள மொழிப் பலகைகளைப் பார்க்கலாம். மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளியை அழைத்துக்கொண்டு வருகிறார்கள். முன்பு ரயில் நிலையத்தில் இறங்கி, ஆட்டோக்காரர் கூட்டிக்கொண்டு போன விடுதியில் தங்கினார்கள். இப்போது ரயில் ஏறுவதற்கு முன்பே கேட்கவேண்டியதையெல்லாம் கைப்பேசியில் கேட்டுவிடுகிறார்கள்: மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரமா, லிஃப்ட் உண்டா, அறையில் சமைத்துக்கொள்ளலாமா, ஒரு நாள் வாடகை என்ன. இதற்கெல்லாம் இணையத்தில் விடை சொல்லாத விடுதி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை இல்லாத விடுதிதான். ஏற்கெனவே வந்துபோன பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி அனுப்புவார் என்கிறது எதிரணி. உண்மை, சொல்லி அனுப்புவார். விடுதியின் பெயரைச் சொல்வார். பெயரைக் கேட்டவர் அடுத்த நிமிடம் என்ன செய்கிறார்? தேடிப் பார்க்கிறார். தேடலில் கிடைக்கவில்லை என்றால் அந்த நல்ல வார்த்தையும் வீணாகிறது, நடுவர் அவர்களே. வாய்வழிப் புகழுக்கு இன்று போய்ச் சேர ஒரு முகவரி தேவைப்படுகிறது.

சேலம் மாவட்டத்து இளம்பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். சேலைக்குப் பெயர்பெற்ற ஊர். மொத்த வியாபாரி வந்து பார்த்து, விலை பேசி, கடன் சொல்லிவிட்டு எடுத்துப் போவது பழைய நடைமுறை. இன்று அங்குள்ளவர்கள் புதுச் சேலையை விரித்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள், யூடியூபில் காட்டுகிறார்கள். முந்தானை எப்படி, ரவிக்கைத் துணி உண்டா என்று கேட்கிறவருக்குக் காணொளி அழைப்பிலேயே பிரித்துக் காட்டுகிறார்கள். எங்கோ ஓர் ஊரில் வீட்டிலிருந்தபடியே ஒரு பெண் அந்தப் படத்தைத் தன் வட்டத்துக்கு அனுப்பி ஆர்டர் பிடிக்கிறார். ரீசெல்லர் என்று அவருக்குப் பெயர். கடை இல்லை, முன்பணம் இல்லை, சரக்கு தேங்கும் பயம் இல்லை. சொன்ன விலைக்குமேல் தன் பங்கை வைத்து விற்கிறார், பார்சல் இளம்பிள்ளையிலிருந்தே போகிறது. இதில் வாய்வழிப் புகழும் இருக்கிறது என்று எதிரணி பங்கு கேட்கலாம். தாராளமாகக் கேட்கட்டும். அந்த வாய் இருப்பதே வாட்ஸ்அப்பில்தான்!

அடுத்து, "இணையம் பெரிய முதலாளிகளின் களம், சிறிய கடைக்காரர் அங்கே நசுங்கிப்போவார்" என்றார்கள். தொலைக்காட்சி விளம்பரத்துக்கு அது பொருந்தும். கூகுள் வரைபடத்தில் அக்கம்பக்கத்துக் கடையைத் தேடும்போது மூன்று விஷயங்கள் கணக்கில் வருகின்றன: தேடிய பொருளுக்கு அந்தக் கடை பொருந்துகிறதா, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்த அளவுக்கு அறியப்பட்டது. இந்த இரண்டாவதைக் கவனியுங்கள். தூரம்! கோடி ரூபாய் வைத்திருந்தாலும் தூரத்தை விலைக்கு வாங்க முடியாது. இரவு பத்து மணிக்கு வண்டி பஞ்சராகி நிற்கிறவருக்கு அருகில் இருக்கும் ஒற்றை ஆள் கடைதான் பெரிய கடை. அங்கே பெயரைப் பதிவதற்குக் கட்டணமும் இல்லை. கடை உண்மையிலேயே அந்த முகவரியில் இருக்கிறதா என்று உறுதிசெய்ய ஒரு காலத்தில் ரகசிய எண்ணை அஞ்சலட்டையில் அனுப்பினார்கள். உலகத்தையே தேடித் தரும் நிறுவனத்துக்கும் நம் தபால்காரர் துணை தேவைப்பட்டது. பழையதை இணையம் ஒழித்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உணவு விநியோகச் செயலிகள் பிடித்துக்கொள்ளும் கமிஷனைப் பற்றி எதிரணி அழுத அழுகை நியாயமானது. சின்ன உணவகத்தின் லாபம் அதிலேயே கரைகிறது. காசு கொடுத்து எழுதவைக்கும் பொய் மதிப்புரைகளும் உண்டு. ஆனால் இவை இணையத்தில் விற்பதில் உள்ள சிக்கல்கள். நான் பேசுவது தெரிவதைப் பற்றி. சிவகாசியைப் பாருங்கள். இணைய வணிகத் தளங்களில் பட்டாசு விற்பதற்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தது. சரி, நேரில் போய்த்தான் வாங்கவேண்டும். தீபாவளிக்கு முன் வெளியூரிலிருந்து காரில் வருகிறவர் எந்தக் கடை வாசலில் நிறுத்துவது என்பதைக் கிளம்புமுன் எங்கே பார்க்கிறார்? பொய் மதிப்புரையைப் பொறுத்தவரை, கடைக்காரர் அங்கே இருந்தால் பதில் எழுதலாம். இல்லாதவரைப் பற்றியும் எழுதத்தான் செய்வார்கள், மறுத்துப் பேச ஆள் இருக்காது.

பூக்கடைப் பழமொழிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்று நடுவர் மணியைப் பார்க்கிறார். சொல்லிவிடுகிறேன். பூவின் மணம் தெருமுனை வரை போகும், அந்தத் தெருவில் இருப்பவர்களுக்குப் பழமொழி சரி. நான் கேட்பது மணம் தெருவைத் தாண்டிய பிறகு நடப்பதைப் பற்றி. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ப் பொருளுக்கே உரிய சட்ட அடையாளம், கிடைத்தது. அந்தப் புகழை உண்டாக்கியது வாய்வழிதான், முழுதாக ஒப்புக்கொள்கிறேன். புகழ் ஊர் தாண்டிப் போனதும், எங்கோ கிண்டிய மிட்டாயிலும் அதே ஊர்ப் பெயரை ஒட்டி விற்பது எளிதாகிவிடுகிறது. சட்டம் குறியீட்டைக் கொடுத்தது. வாங்குகிறவருக்கு அசல் எது என்று யார் காட்டுவது? சென்னையில் ஒருவர் அந்தப் பெயரை இணையத்தில் தேடும்போது கோவில்பட்டியில் பாகு காய்ச்சுகிறவரின் கடை வரவேண்டுமா, ஒட்டுக்காகிதம் அச்சடித்தவரின் கடை வரவேண்டுமா? எனக்கு அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர், ஊர் வாய் அங்கே அந்தப் பாகு காய்ச்சுகிறவரை எப்படிக் காப்பாற்றும் என்பதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும்.