கயிற்றை இழுத்த பிறகு யார் வருகிறார்?

நேயர்களுக்கு வணக்கம்.

தம்மிடம் வேலை செய்கிறவர்களுக்கு வேலையில் பிடிப்பில்லை என்று குறைபடாத முதலாளியை நான் இன்னும் சந்திக்கவில்லை. காலம் கெட்டுவிட்டது, இந்தத் தலைமுறைக்குப் பொறுப்பு இல்லை என்பார்கள். அதற்கு மருந்தாக ஆயுத பூஜையன்று இன்னிசைக் கச்சேரி, சிறந்த ஊழியருக்குச் சுவர்க்கடிகாரம், ஆண்டுக்கொரு முறை ஏற்காடு. ஏற்காடு நல்ல ஊர்தான், போய்வரட்டும். ஆனால் திங்கட்கிழமை காலையில் அதே ஆள், அதே இயந்திரத்தின் முன்னால், அதே முகத்தோடு வந்து நிற்கிறார்.

கோளாறு ஆளிடமா, ஆளை நடத்தும் விதத்திலா? இதற்கு ஓர் இடத்தில் தெளிவாகவே விடை கிடைத்தது. எங்கே பேசக் கூப்பிட்டாலும் அந்தக் கதையைத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் நான் அதை ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிறார்கள். நீங்கள் வானொலியை அணைக்காமல் கேளுங்கள்.

அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாநிலத்தில் ஃப்ரீமான்ட் என்ற ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார் தொழிற்சாலை. அந்த நிறுவனத்திலேயே மோசமான ஆட்கள் என்று அதற்குப் பெயர். ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். வந்தவர்களிலும் சிலர் குடித்திருப்பார்கள். திடீர் வேலைநிறுத்தம் சாதாரணம். நிர்வாகத்தின் மேல் உள்ள கோபத்தில் கார்க் கதவுக்குள் காலிப் பாட்டிலைப் போட்டு மூடிவிட்டவர்கள்கூட உண்டு. காசு கொடுத்து வாங்கியவர், எங்கிருந்து இந்த லொடலொட சத்தம் என்று தேடித் தேடி அலுத்திருப்பார். 1982இல் தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள்.

1984இல் அதே கட்டடம் திறந்தது. இப்போது ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானின் டொயோட்டாவும் சேர்ந்த கூட்டு நிறுவனம். நம்மி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நிர்வாகம் டொயோட்டா கையில். வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலானோர் பழைய ஆட்கள்தான். யூனியனும் அதே யூனியன். மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் காதில் வாங்காமல் விடுவது இதைத்தான்: அதே ஆட்கள். நூற்றுக்கணக்கானவர்களை ஜப்பானில் உள்ள டகயோகா தொழிற்சாலைக்கு அனுப்பிப் பழக்கினார்கள். 1984 டிசம்பரில் முதல் கார் வெளியே வந்தது. வேலைக்கு வராதவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேராகக் குறைந்தார்கள். காரின் தரமோ ஜப்பானில் செய்த காருக்கு ஈடாக நின்றது.

என்ன மாறியது? மேனேஜர்களுக்கென்று தனிக் கேன்டீன் இல்லை, கார் நிறுத்தத் தனி இடம் இல்லை. அதெல்லாம் சரி. நான் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு கயிற்றை.

கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வர, ஆளுக்கொரு பாகமாகப் பொருத்தும் வரிசையை லைன் என்பார்கள். பழைய நாட்களில் அங்கே ஒரே சட்டம்: லைன் நிற்கக் கூடாது. போல்ட் கோணலாக ஏறினாலும் கார் நகர்ந்து போகட்டும், கடைசியில் யாராவது சரிசெய்துகொள்வார்கள். புதிய ஏற்பாட்டில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கயிறு. தவறு தெரிந்தால் இழுக்கலாம். விளக்கு எரியும், இசை ஒலிக்கும், குழுத் தலைவர் அந்த இடத்துக்கு வந்துவிடுவார். ஒரு நிமிடத்துக்குள் சரியானால் லைன் ஓடும். இல்லையென்றால் நிற்கும். நேற்றுவரை கதவுக்குள் பாட்டில் போட்டவர் கையில் இவ்வளவு பெரிய லைனை நிறுத்தும் அதிகாரம்!

கயிறு வாங்குவது எளிது. இழுத்தவுடன் ஆள் வருகிறாரா, வந்தவர் முகம் சுளிக்காமல் என்ன சிக்கல் என்று கேட்கிறாரா? அங்கேதான் எல்லாம் இருக்கிறது. வங்கிக் கவுன்ட்டரில் இருக்கும் பெண் பிரிண்டர் தகராறு செய்கிறது என்று சொல்கிறார். மருத்துவமனைச் செவிலியர் ஸ்ட்ரெச்சர் சக்கரம் சிக்குகிறது என்கிறார். ஜவுளிக்கடைப் பையன் இந்த அளவுச் சட்டையைக் கேட்டு வருகிறவர்கள் திரும்பிப் போகிறார்கள் என்கிறான். இவர்களெல்லாம் கயிற்றை இழுக்கிறார்கள். மேலே இருப்பவர் “பார்ப்போம்” என்கிறார். மூன்று முறை “பார்ப்போம்” கேட்டவர் நான்காவது முறை வாயைத் திறக்கமாட்டார். பிறகு அவருக்கு ஈடுபாடு இல்லை என்று நாம் கூட்டம் போட்டுப் பேசுவோம். ஒரு தொழிற்சாலையில் அழகான ஆலோசனைப் பெட்டி பார்த்தேன். சாவி யாரிடம் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

கயிற்றோடு சேர்ந்த இன்னொன்றும் உண்டு. வேலையை எளிதாக்க வழி சொன்னால் என் வேலையே போய்விடுமோ என்று பயப்படுகிறவர் எதற்குச் சொல்வார்? 1980களின் பிற்பகுதியில் நம்மியின் கார் விற்பனை சரிந்தது. உபரியாக நின்றவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் பயிற்சி கொடுத்து வைத்துக்கொண்டார்கள். ஆள் குறைக்கும் முன்பு மேனேஜர்களின் சம்பளம் குறைய வேண்டும் என்று யூனியனோடு எழுதிய ஒப்பந்தமே இருந்தது.

இதைப் பார்த்து ஜெனரல் மோட்டார்ஸ் தன் வான் நைஸ் தொழிற்சாலையிலும் அதே முறையைக் கொண்டுவர முயன்றது. எடுபடவில்லை. எத்தனை கார் வெளியே போயிற்று என்ற கணக்கில்தான் அங்கே மேனேஜர்களுக்கு மதிப்பு. அப்படியிருக்க யார் கயிற்றை இழுக்க விடுவார்?

சரி, நம்மி என்ன ஆயிற்று? 2010இல் மூடிவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு திவாலான ஜெனரல் மோட்டார்ஸ் விலகிக்கொண்டது, டொயோட்டா தனியாக நடத்த விரும்பவில்லை. தொழிலாளர்கள் நன்றாக வேலை செய்தும் இப்படித்தான் முடிந்தது. அதை மறைத்துவிட்டு நான் கதை சொல்லக் கூடாது. இப்போது அந்தக் கட்டடத்தில் டெஸ்லா கார் செய்கிறார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. 1987இல் அல்கோவா அலுமினிய நிறுவனத்தின் தலைமைக்கு வந்த பால் ஓ’நீல், லாபத்தைப் பேசாமல் தொழிலாளிக்கு அடிபடக் கூடாது என்பதையே முதல் வேலையாக எடுத்துக்கொண்டாரே, அதை விரிவாகச் சொல்ல வந்தேன், முடியாது போலிருக்கிறது. நான்கைந்து பேர் வேலை செய்யும் சிறு கடைகளுக்கென்று எழுதி வந்த குறிப்பும் அப்படியே இருக்கிறது. அதில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் யாராவது உங்களிடம் ஒரு குறை சொன்னால், சனிக்கிழமைக்குள் அவரிடமே போய்ப் பதில் சொல்லுங்கள். முடியாது என்றாலும் ஏன் முடியாது என்று சொல்லுங்கள். வணக்கம்.