மாளிகைக்குப் போன மெரெங்கே, கொல்லையில கிடந்த பச்சாத்தா

எல்லாருக்கும் வணக்கம். முதல்லயே சொல்லிடறேன், எனக்கு ஆடத் தெரியாது, கடைசில யாரும் எழுந்து ஒரு ஸ்டெப் போடுங்க சார்னு கேட்டுடாதீங்க. மெரெங்கே, பச்சாத்தான்னு ரெண்டு இசையையும் அதோட ஆட்டத்தையும் பத்திப் பேச மட்டும்தான் வந்திருக்கேன்.

டொமினிக்கன் ரிபப்ளிக், கரீபியன்ல ஹெய்ட்டியோட ஒரே தீவைப் பங்கு போட்டுக்கிட்ட நாடு. அவங்க தேசிய இசை மெரெங்கே. நவம்பர் 26 மெரெங்கே நாள், 2016-ல யுனெஸ்கோவோட பாரம்பரியக் கலைப் பட்டியல்லயும் சேர்த்தாச்சு, ஆனா இதே ஆட்டத்தை 1854-ல தலைநகர் சாந்தோ தொமிங்கோ பத்திரிகைல அசிங்கம் அசிங்கம்னு திட்டி எழுதியிருக்காங்க.

கிராமத்து மெரெங்கேக்கு முக்கியமா மூணு வாத்தியம். தம்போராங்கிறது மடியில படுக்க வெச்சு ஒரு பக்கம் குச்சியாலயும் மறுபக்கம் வெறுங்கையாலயும் அடிக்கிற மேளம், தவில் வாசிக்கிறவங்களுக்குப் பாத்ததும் புரியும். குய்ரான்னா கேரட் துருவுற கிரேட்டரை உருளையா சுருட்டின மாதிரி ஒரு உலோகக் குழாய், அதைக் கம்பியால சரக் சரக்னு தேய்க்கணும், அந்த சத்தம் நின்னா ஆடுறவன் காலும் நின்னுடும். மூணாவது அக்கார்டியன், அது ஜெர்மனிலேந்து வந்தது, வடக்க சிபாவோ பக்கம் புகையிலை வியாபாரத்தோட சேந்து வந்து அங்கயே தங்கிடுச்சு.

இது எப்படி மாளிகைக்குள்ள போச்சு? சர்வாதிகாரி த்ருஹீயோ. 1930-லேந்து 1961 வரைக்கும் அவர் வெச்சதுதான் சட்டம். மேல்தட்டு ஆளுங்க ஆரம்பத்துல அவரை அவங்க கிளப்புல சேக்கல, அப்புறம் பதவிக்கு வந்ததும் அந்தப் பட்டிக்காட்டு ஆட்டத்தையே அவங்க ஹால்ல ஆட வெச்சாரு, லூயிஸ் அல்பெர்த்தியோட ஆர்க்கெஸ்ட்ராவுக்குத் தன் பேரையே வெச்சுக்கிட்டாரு, அவரைப் புகழ்ந்தே நூத்துக்கணக்குல பாட்டு. இசைமேல ஆசையா, பழி தீக்கிறதா? ரெண்டும்தான்னு எனக்குத் தோணுது.

1961 மே 30-ல அவரை சுட்டுக் கொன்னாங்க. அடுத்த வருஷமே, 1962-ல, ஹோசே மானுவேல் கால்தெரோன்ங்கிற பாடகர் பதிவு பண்ண பாட்டுங்களைத்தான் முதல் பச்சாத்தான்னு சொல்றாங்க. பச்சாத்தான்னா முதல்ல கொல்லைப்புறத்துல கூடி கிட்டார் வாசிச்சு குடிச்சு ஆடுற கூட்டம்னுதான் அர்த்தம். காதலி விட்டுட்டுப் போயிட்டா, நான் பாட்டிலோட உக்காந்திருக்கேன், இதுதான் பாட்டு, அதனால கசப்புப் பாட்டுன்னே பேரு வெச்சாங்க. கௌரவமான வீட்டுல போட மாட்டாங்க, பெரும்பாலான ரேடியோவும் ஒதுக்கிடுச்சு, குவாராச்சித்தான்னு ஒரு ஸ்டேஷன்தான் ஓயாம போட்டுச்சு. வேலை தேடி டவுனுக்கு வந்தவங்களும் குடிசைப் பகுதி ஜனங்களும்தான் அதை உயிரோட வெச்சாங்க.

ஆடுறது கேக்க ஈஸி. மெரெங்கேன்னா இடது வலதுன்னு நடக்கிறதுதான், இடுப்பு தானா வரும். பச்சாத்தாவுல பக்கவாட்டுல மூணு அடி, நாலாவதுல காலைத் தட்டி இடுப்பை ஒரு வெட்டு. எனக்கு அந்த நாலாவதுதான் வரவே மாட்டேங்குது.

1990-ல அந்த நாட்டுப் பிரபல பாடகர் ஹுவான் லூயிஸ் கெர்ரா 'பச்சாத்தா ரோசா'ன்னு ஒரு ஆல்பம் போட்டாரு, கிராமி வாங்குச்சு, நேத்து வரைக்கும் மூக்கைப் பொத்தினவங்கல்லாம் ரசிகர் ஆயிட்டாங்க. அருமையான ஆல்பம், சந்தேகமே இல்ல, ஆனா முப்பது வருஷம் திட்டு வாங்கினவங்க வேற ஆளுங்க, அதுல எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அப்புறம் நியூயார்க் பிராங்ஸ் பசங்க, அவெஞ்சுராங்கிற இசைக்குழு, வந்து உலகம் பூரா கொண்டு போனாங்க. 2019-ல பச்சாத்தாவும் யுனெஸ்கோ பட்டியல்ல.

ஆனா மெரெங்கே, பச்சாத்தா ரெண்டுக்கும் முன்னாடி, 2001-லயே, யுனெஸ்கோ கௌரவிச்சது வியா மெயா ஊர்ல கொங்கோ மேளம் அடிக்கிற கூட்டத்தை. ஆப்பிரிக்காவுலேந்து அடிமையா வந்தவங்க வழி வந்த மேளம், சாவு வீட்டுல அடிப்பாங்க. செத்து மூணு வருஷம் கழிச்சு பாங்கோன்னு ஒரு சடங்கு, செத்தவருக்கு பதிலா ஒரு பொம்மையைப் படுக்க வெச்சிருப்பாங்க, அன்னைக்குத்தான் அவர் உயிரோட இருக்கிறவங்ககிட்ட விடை வாங்கிட்டுப் போறாரு, வந்தவங்க எல்லாரும் அந்த மேளத்துக்கு ஆடுவாங்க.