பேச்சுதான் அவனுக்குப் பேனா

நேயர்களுக்கு வணக்கம். நான் ஒரு சிறப்பாசிரியர். பள்ளி பள்ளியாகப் போய் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. தேர்வு வந்தால் இவர்களுக்குப் பயம் வருவது உண்மைதான். ஆனால் அந்தப் பயத்தில் பாடத்துக்குப் பங்கு குறைவு. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பையன் தேவைப்பட்டான்.

அவனுக்கு மூளை முடக்குவாதம். பேனா பிடித்தால் கை இழுத்துக்கொள்ளும். பேச்சு மெதுவாக, கொஞ்சம் குழறலாக வரும். கணக்கில் கெட்டிக்காரன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு, சொல்வதை எழுத ஒருவரைத் தருகிறார்கள். ஒரு மணி நேரம் கூடுதலாகவும் கிடைக்கும். இரண்டுக்கும் ஆணை வந்துவிட்டது. அப்பாடா, இனிக் கவலையில்லை என்று இருந்துவிட்டேன்.

வருஷம் முழுக்க அவன் சொல்ல, நான்தான் எழுதினேன். பாதி சொன்னாலே எனக்குப் புரிந்துவிடும். முதல் திருப்புதல் தேர்வில் வேறோர் ஆசிரியரை எழுத உட்காரவைத்தோம். 'ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்' என்றான். அவர் பிக்கு மட்டும் ஸ்கொயர் போட்டார். அவர் தமிழாசிரியர், பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது. பையன் தலையை ஆட்டினான். அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னான். பதறினால் அவனுக்கு உடம்பு விறைக்கும், பேச்சு இன்னும் குழறும். அரை மணி நேரத்தில் வாயை மூடிக்கொண்டான். தெரிந்த கணக்குகளெல்லாம் வெறும் தாளாக நின்றன. தப்பு என்னுடையது. கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன், கணக்கைச் சொல்லச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து நான் எழுதுவதை நிறுத்தினேன். சத்துணவு அக்கா ஒருநாள், எட்டாம் வகுப்புப் பெண் ஒருநாள், அவன் சித்தப்பா ஒருநாள் என்று எழுத ஆட்களை மாற்றிக்கொண்டே இருந்தோம். எழுதுபவருக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்பதுதான் விதி. 'அடைப்புக்குறி போடுங்க. உள்ளே ஏ, பிளஸ், பி. அடைப்புக்குறியை மூடுங்க. வெளியே, மேலே, சின்னதா ரெண்டு.' பின்னம் என்றால் முதலில் கோடு போடச் சொல்வான், அப்புறம் கோட்டுக்கு மேலே, அப்புறம் கீழே. ஒவ்வொரு கணக்கும் முடிந்ததும் 'படிச்சுக் காட்டுங்க' என்று கேட்க வேண்டும். பெரியவர்களிடம் அப்படிக் கேட்க அவனுக்குக் கூச்சம். அது போகவே மூன்று வாரம் ஆனது.

இன்னொன்றையும் நான் கவனிக்கவில்லை, அவன் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. தேர்வு நாட்களில் காலையிலிருந்தே அவன் தண்ணீர் குடிப்பதில்லை. 10 மணிக்கு வினாத்தாள் கொடுத்து, 10.15க்கு எழுதத் தொடங்கினால் மற்றவர்கள் 1.15க்கு வெளியே வந்துவிடுவார்கள். இவன் 2.15 வரை உட்கார வேண்டும். நடுவில் கழிப்பறைக்கு யாரோ கைத்தாங்கலாகக் கூட்டிப்போக வேண்டுமே என்ற வெட்கம். நாக்கு வறண்டால் பேச்சு எப்படி வரும்? தேர்வு மையத்தில் முன்கூட்டியே பேசி, தரைத்தளத்தில் கழிப்பறைக்குப் பக்கத்து அறையைக் கேட்டு வாங்கினோம். முதல் நாளே அவனை அங்கே கூட்டிப்போய் உட்காரவைத்தோம்.

இத்தனைக்கும் நடுவே உறவுக்காரர் ஒருவர், 'உனக்கென்னப்பா, எழுத ஆள் இருக்கு, மார்க் வந்துரும்' என்றாராம். தயவுசெய்து எந்தப் பிள்ளையிடமும் அப்படிச் சொல்லாதீர்கள். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை.

கை கால் நன்றாக இருந்தும் வாசிக்கவும் எழுதவும் திணறுகிற பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 21 ஆனது, கற்றல் குறைபாடும் அதில் வருகிறது. 40 சதவீதக் குறைபாடு இல்லை என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி, எழுதச் சிரமப்படுகிற ஒருவருக்கு, சொல்வதை எழுத ஆள் தர மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் சான்றிதழ், விண்ணப்பம், ஆணை என்று இதற்கு மாதக்கணக்கில் ஆகும். பலர் பிப்ரவரியில் ஓடி வருகிறார்கள். காலாண்டுத் தேர்வு முடிந்ததுமே தலைமையாசிரியரைப் பார்த்துவிடுங்கள்.

கணக்குத் தேர்வன்று வாசலில் அவன் அம்மாவும் நானும் மோர் பாட்டிலோடு நின்றோம். 2.15 தாண்டி வந்தான், சட்டையெல்லாம் வியர்வை. எப்படிடா என்றேன். 'எழுதின டீச்சருக்கு அடைப்புக்குறியே மறந்துபோச்சு மிஸ். ரெண்டு தடவை நான்தான் சொல்லித் தந்தேன்' என்றான். மோரை ஒரே மூச்சில் குடித்தான்.

நன்றி, வணக்கம்.