நீ விழுந்துட்டா நான் யாருக்கு போன் பண்றது?

வணக்கம் அக்கா தங்கச்சிங்களா, பின்னாடி நிக்கிற அண்ணன்மாருக்கும் வணக்கம். தனியா புள்ள வளக்குறவங்க கூட்டம்னதும் நாலஞ்சு அப்பாங்களும் வந்திருக்கீங்க, மனசுக்கு நிறைவா இருக்கு.

என் பொண்ணுக்கு அப்போ ஏழு வயசு. தண்ணிக் குடத்த இடுப்புல வச்சுக்கிட்டு மூணாவது மாடிக்கு ஏறிட்டு இருந்தேன், பாதி வழியில கண்ணு இருட்டிக்கிட்டு வந்து படியிலயே உக்காந்துட்டேன், குடம் கடகடன்னு கீழ உருண்டுச்சு. புள்ள ஓடி வந்து பாவாடையால என் மூஞ்சிய தொடச்சுட்டு, அழாம கேட்டா, "அம்மா, நீ விழுந்துட்டா நான் யாருக்கு போன் பண்றது?"

என்னால பதில் சொல்ல முடியல.

மறுநாள் டெஸ்ட் பண்ணா ஹீமோகுளோபின் 8. பொம்பளைங்களுக்கு 12க்கு கொறயக்கூடாது. நம்ம தமிழ்நாட்டுல 15லருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு மேல ரத்தசோகைன்னு 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்லுது. புள்ள தட்டுல மிச்சம் வச்சதுதான் நமக்கு சாப்பாடு, பசிச்சா ஒரு டீ, அப்புறம் ரத்தம் எங்கருந்து ஊறும்? ஆரம்ப சுகாதார நிலையத்துல இரும்புச்சத்து மாத்திரை ஃப்ரீயா தராங்க, ஆனா டீ காபியோட போடாதீங்க, உடம்புல ஒட்டாது, எலுமிச்சம் ஜூஸ் குடிச்சா நல்லா ஏறும்.

மாத்திரையோட நடக்கவும் ஆரம்பிச்சேன். வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகமா நடக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நமக்கு ஏது நேரம்னு நீங்க கேக்கறது புரியுது, ஆனா ஒரே மூச்சுல நடக்கணும்னு இல்ல, பத்து பத்து நிமிஷமா பிரிச்சு நடந்தாலும் கணக்குதான். நான் மொட்டமாடியில நடப்பேன், பொண்ணு கட்டச்சுவத்துல சாக்பீஸால கோடு போட்டு ரவுண்ட எண்ணுவா. மூணு மாசத்துல ராத்திரி தூக்கம் வந்துச்சு. அதவிட பெருசு, வேலைவிட்டு வந்ததும் அவமேல எரிஞ்சு விழுறது கொறஞ்சுச்சு. புள்ளைக்கான நேரத்த திருடுறோமோன்னு ஒரு குத்தவுணர்ச்சி இருக்கும் பாருங்க, அத தயவுசெஞ்சு விட்டுடுங்க, அந்த பத்து நிமிஷமும் அவளுக்குத்தான் போய் சேருது.

அண்ணன்மாரே, உங்களுக்கு ஒண்ணு. ராத்திரி புரோட்டா, நடுவுல சிகரெட்டுன்னு ஓட்டுறீங்க, ஏன்னு கேக்க வீட்ல ஆள் இல்ல. பிரஷர் எந்த அறிகுறியும் காட்டாமலே ஏறும், 140/90ஐ தாண்டுதான்னு பாத்துக்கோங்க. 2021லருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீடு தேடி வந்தே சுகர், பிரஷர் பாக்குறாங்க, மாத்திரையும் குடுக்குறாங்க, அவங்க வர்றப்போ கதவ தொறங்க.

எங்க வீட்டு கதவுக்கு பின்னாடி இப்போ மூணு நம்பர் எழுதி ஒட்டியிருக்கு. மொதல்ல 108, அப்புறம் கீழ் வீட்டு அக்கா, அப்புறம் என் தம்பி. பொண்ணுதான் ஸ்கெட்ச் பேனாவுல பெருசா எழுதுனா. நர்ஸம்மா வெளிய மேசை போட்டு உக்காந்திருக்காங்க, அஞ்சு மணி வரைக்கும் இருப்பாங்க, விரல்ல ஒரு குத்து, அவ்ளோதான், பாத்துட்டு போங்க.